பரிசாகக் கிடைத்த காடு

செப்டம்பர் 8, திங்கள்

கைசன் பரிசு எனக்கு. கம்பெனியில் வேலையைச் சுலபமாக்க நல்ல யோசனை சொல்கிறவனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கிற பரிசு. போன வருஷம் தணிகாசலத்துக்கு மிக்ஸி. அதற்கு முந்தின வருஷம் ஒருத்தனுக்குத் தங்கக் காசு. சாலமோன் என்று பேர் கூப்பிட்டதும் கைதட்டலோடு மேடைக்குப் போய்க் கவரைப் பிரித்தால், காடு. வால்பாறைப் பக்கம் மழைக்காட்டில் குடும்பத்தோடு மூன்று நாள், வழிகாட்டி வைத்துச் சுற்றிக் காட்டுவார்களாம். காட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மிக்ஸியாவது சட்னி அரைக்கும்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற எங்கள் பிரஸ் லைனில் தகடு தீர்ந்தால் பஸ்ஸர் அடிக்கும். அடிக்கும் என்று பேர்தான், அந்த இரைச்சலில் எவன் காதில் விழும்? மெஷின் வெறுமனே இடித்துக்கொண்டிருக்கும், சூப்பர்வைசர் வந்து கத்துவார். பஸ்ஸருக்குப் பதில் மஞ்சள் விளக்கு ஒன்று சுற்றட்டும் என்று எழுதிப் போட்டேன். சிப்காட்டிலும் இப்போது தேர்வாய் கண்டிகையிலுமாக இருபது வருஷம் பிரஸ்ஸோடு மாரடிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா.

வீட்டுக்கு வந்து ஹெலனிடம் பரிசு விஷயத்தைச் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். இன்னா என்றேன்.

"ஒண்ணுமில்ல, உடு."

செப்டம்பர் 11, வியாழன்

இந்த "ஒண்ணுமில்ல, உடு" என்னைக் கொல்கிறது. இந்த வீட்டில் யாராவது வாயைத் திறந்து பேசுகிறார்களா? மகள் மோனிகா காலேஜில் சேர்ந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு முனகுகிறாள். ஹெலன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்போடு பேசுகிறாள். எத்தனை தடவைதான் இன்னா இன்னா என்று கேட்பது? சரி சரி என்று சொல்லிவைக்கிறேன். சொன்னாலும் சண்டை, சொல்லாவிட்டாலும் சண்டை.

இப்போது சண்டையும் நின்றுவிட்டது. அதுதான் உதைக்கிறது. ஒரு மாதமாக ஹெலன் தானாக என்னோடு பேசுவதே இல்லை. சாப்பாடு வைக்கிறாள், போய்விடுகிறாள். கல்யாணமான புதிதில் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் சென்ட்ரல் வரை வாய் மூடாமல் வருகிறவள். நான் குடிக்கிறவனும் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. என்னதான் தப்புச் செய்தேன்? இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் ஆகிவிடுவோம். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஹெலன் கழுத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்காவோடு திருவள்ளூர் போய் வந்தாளாம். இன்னா ஆச்சு என்றேன். ஒண்ணுமில்ல, உடு.

செப்டம்பர் 24, புதன்

காட்டுக்காரர்கள் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சிவப்பு உடுத்தக்கூடாது, சென்ட் போடக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. பரிசா தண்டனையா?

பரிசை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒன்று தோன்றியது. அங்கே டிவி இல்லை, டவர் இல்லை, அடுப்பும் இல்லை. மூன்று நாள் என் முகத்தைத்தானே பார்த்தாக வேண்டும்? பேசித்தானே ஆக வேண்டும் ஹெலன்? அதற்காகவாவது போகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

வந்து சேர்ந்தோம். மலை ஏறுகிற வழியெல்லாம் வளைவு. மோனிகா இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தாள். தங்கும் இடத்தில் எங்களோடு கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று.

வழிகாட்டி பேர் குணா. நல்ல பையன்தான், ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறான். சாயந்தரம் எல்லோர் காலிலும் அட்டை ஏறாமலிருக்கத் துணி உறை மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனான். மரமெல்லாம் அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரம். ஓரிடத்தில் நிறுத்தி, காதில் கை வைத்து மேலே காட்டினான். உடனே எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. ஏதோ பறவை மனுஷன் மாதிரியே சீட்டி அடிக்கிறதாம்.

"ப்பா, எவ்ளோ சூப்பரா பாடுது பாரு," என்றாள் மோனிகா.

நானும் சூப்பர் என்றேன். எங்கே பாடியது? ஒரு மண்ணும் இல்லை. வெறும் மரத்தைக் காட்டி இவன் பிழைப்பை ஓட்டுகிறான், இதுகளும் கேட்டது கேட்டது என்று தலையாட்டுகின்றன. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஹெலன் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நீளமாக எழுதப் போகிறேன்.

காலையில் நடை. ஒற்றையடிப் பாதை. பின்னால் மெதுவாக வருகிறவர்களோடு என்னால் ஆகவில்லை, நான் முன்னால் போய்விட்டேன். வளைவு திரும்பினேன். திடீரென்று யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, நான் மல்லாக்க விழுந்தேன். ஹெலன். செருப்பு ஒரு காலில் இல்லை, மூச்சு வாங்குகிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னாடி என்று கத்த வாயெடுத்தபோதுதான் எதிரில் பார்த்தேன். காட்டுமாடு. எங்கள் கம்பெனி ஃபோர்க்லிப்ட் அளவு இருந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பது போலப் புதருக்குள் போய்விட்டது.

குணா ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "எத்தனை தடவை சார் கூப்பிட்டேன். நில்லுங்க, நில்லுங்கன்னு கத்தினேன். காட்டுக்குள்ள நான் கத்தவே கூடாது, அப்பவும் கத்தினேன்."

"யாரும் கூப்புடல," என்றேன். சத்தியமாக யாரும் கூப்பிடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் என்னைக் குடிகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நடையை அதோடு முடித்துவிட்டார்கள், எல்லோருக்கும் என் மேல் கடுப்பு. நானும் விடவில்லை. வாய்க்குள் முனகினால் யாருக்குக் கேட்கும் என்று கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். ஹெலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

சாயந்தரம் வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இருட்டுகிற நேரம். பிரஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. கோபமெல்லாம் இறங்கி, "அப்பப்பா, இன்னா அமைதி," என்றேன்.

ஹெலனும் மோனிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், மோனிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சில்வண்டு கத்தறது கேக்கலியா ப்பா?"

"இன்னா வண்டு?"

அவள் எழுந்து வந்து போனில் ரெக்கார்டரைப் போட்டு என் கையில் வைத்தாள். சத்தம் இருந்தால் கோடு எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். கோடு மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இறங்கவே இல்லை. போன் கெட்டுவிட்டது என்றேன். மோனிகா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். கோடு கீழே இறங்கியது. திறந்தாள். மறுபடி முட்டியது. எனக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான்.

இருபது வருஷமாக பிரஷர் கேஜைப் பார்த்து வேலை செய்கிறவன் நான். மனுஷன் சொன்னால் நம்பமாட்டேன், முள் சொன்னால் நம்புவேன்.

ஹெலன் நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"ஆகஸ்ட்டு மாசம் உன்கிட்ட சொன்னேன்யா. கழுத்துல கட்டி மாதிரி இருக்குது, பயமா இருக்குது, கூட வான்னு. சரி சரின்னு சொல்லிகினே சட்டைய மாட்டிகினு டூட்டிக்கு போய்ட்ட. ரெண்டு வாட்டி சொன்னேன். ரெண்டு வாட்டியும் சரி சரி. அப்புறம் நான் உன்கிட்ட எதுக்குப் பேசணும்?"

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"ஊசி குத்தி சதை எடுத்துப் பாத்தாங்க. சாதா கட்டிதானாம். அதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன். சின்னப்பொண்ணு அக்கா கையைப் புடிச்சிகினு ஒக்காந்திருந்தேன். உன் கையை இல்ல."

நான் கேக்கலடி. நெஜமா கேக்கல. கேட்டிருந்தா லீவு போட்டுக்கினு ஓடி வந்திருக்க மாட்டனா? இதை அவளிடம் சொன்னேனா, இங்கே மட்டும்தான் எழுதுகிறேனா என்றுகூட நினைவில்லை. அழுதேன். மோனிகா எதிரிலேயே அழுதேன்.

அக்டோபர் 4, சனி

கிளம்புகிற அன்று குணா தனியாக எங்கள் மூன்று பேரை மட்டும் கூட்டிப்போனான். நேற்று நடந்ததை ஹெலன் சொல்லியிருப்பாள் போல. இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான், பாவம்.

பெரிய அத்தி மரம் ஒன்றின் கீழே நின்றோம். தலைக்கு மேலே ஒரு பறவை போனது. இருவாச்சியாம். மஞ்சள் மூக்கு, இறக்கை விரிப்பு நான் கை விரித்தால் வருகிற அகலம். அது இறக்கை அடிக்கிற சத்தம் — ஏர் ஹோஸைப் பிடுங்கினால் வருமே, அது மாதிரி புஸ் புஸ் என்று — எனக்குக் கேட்டது. அது மட்டும் கேட்டது. ஹெலன் தோளைத் தட்டி, கேட்டுச்சு என்றேன். அவள் மேலே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

லைனில் மஞ்சள் விளக்கு மாட்டியாயிற்று. பழைய பஸ்ஸரை இன்னும் கழற்றவில்லை. தகடு தீர்ந்து விளக்கு சுற்றியபோது பஸ்ஸர் மேல் கை வைத்துப் பார்த்தேன். கைக்குள் துடித்தது. பக்கத்து மெஷின் குப்புராஜிடம், இது எப்போதும் இப்படித்தான் அடிக்குமா என்று கேட்டேன். எப்போதும் போல என் காதோரம் வந்து கத்தினான்.

"பேஜார் புடிச்ச சவுண்டுண்ணே. கேன்டீன் வரிக்கும் கேக்கும்."

"அப்புறம் எதுக்குடா லைட்டு வேணும்னு நான் எழுதினதுல நீயும் கையெழுத்துப் போட்ட?"

குப்புராஜ் தகடு அடுக்குவதை நிறுத்தாமலே மறுபடி கத்தினான். "உனக்குக் கேக்கலன்னு ஷாப்புல எல்லாருக்கும் தெரியும்ணே. மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது? லைட்டாவது வரட்டும்னு போட்டோம்."

நல்ல ஆட்கள். ஒருத்தனுக்கும் வாயைத் திறந்து சொல்ல வக்கில்லை. இத்தனை பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் நான் மேடையேறிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இ.எஸ்.ஐ.யில் காது பார்த்தார்கள். இரண்டு காதிலும் கீச்சென்ற சத்தமெல்லாம் போய்விட்டதாம், கனத்த சத்தம்தான் மிச்சமாம். போனது திரும்பாது. மெஷின் வைத்தால் மிச்சம் இருப்பது கேட்கும், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஹெலன் கூட வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 12, புதன்

காது மெஷின் இன்னும் வரவில்லை. போன் பண்ணிக் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். போன வாரமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள்.

காலையில் ஹெலன் அடுப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். இன்னா என்றேன். மறுபடி சொன்னாள். இன்னா என்றேன். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"கொழம்புல உப்பு சரியா இருக்குதா பாருன்னேன்."

சலித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.