எச்சில் வேறு, சளி வேறு

பழங்காநத்தம்
9-2-1979

மகள் மாயக்காளுக்கு அப்பன் காசிமாயன் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே ஆடு மாடு வரைக்கும் சுகம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் நெய்வேலித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

நம்மூரில் எழுதச் சொன்னால், கடிதம் பஸ் ஏறுமுன் விஷயம் உன் ஆத்தா காதுக்குப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்து, கடைக்கார லாசரை எழுதச் சொல்கிறேன்.

உன் ஆத்தா இப்போது பழைய ஒச்சாயி இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைச் சுகாதாரத் தொண்டராக்கி, தோளில் ஒரு பையையும் மாட்டிவிட்டார்கள். நாற்பத்தோரு வருஷம் அவள் காசிமாயன் பொண்டாட்டி. போன ஆடியிலிருந்து நான் ஒச்சாயி புருசன். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் நம்ம தெரு வெள்ளைத்துரை. கிணற்றடியில், ஒரு செவ்வாய்க்கிழமை.

அவளும் என்னைப் போலக் கைநாட்டுத்தான். படம் காட்டித்தான் பாடம் சொன்னார்கள். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே நின்றே அத்தனையும் மனப்பாடம் செய்தேன். நர்ஸ் ஆனிமேரியோ, "பொம்பளையாத்தான் வேணும் பெரியவரே, நீங்க போங்க" என்றுவிட்டாள்.

மார்கழியில், மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களுக்கெல்லாம் உன் ஆத்தா சின்ன டப்பா கொடுத்தாள். விடிந்ததும் நெஞ்சுச் சளியைக் காறித் துப்பித் தர வேண்டுமாம். எனக்கும் ஒன்றை நீட்டினாள். பொண்டாட்டி சொல்லி நான் காறுவதா? வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன். டி.பி. நோய் இல்லை என்று சீட்டு வந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு ஒரு டீக்கடை விடாமல் காட்டினேன்.

அவள் கிணற்றடியில் அத்தனை பொம்பளைகளுக்கு நடுவில், "எச்சியத் துப்புனா எச்சிதான தெரியும்? சளியில்ல வேணும்!" என்றாள். அன்னக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கே, இனி என் இருமலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் தலை என்றதும் அவள் அடங்கிவிட்டாள். இப்போது வீடு வீடாகப் போய், "எத்தன நாளா இருமுறீக? சோறு எறங்குதா?" என்று கேட்கிறாள். கருத்தக்கண்ணன் இருமினால் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கிறாள். நான் இருமினால் கஞ்சியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனுக்கு என்னைவிட என்ன பெரிய இருமல்?

முந்தாநாள் என் துண்டை நானே வாய்க்காலில் துவைத்தேன். செம்மண் பட்டது என்றேன். நம்ம காடு கரிசல் என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

பங்குனிக்கு வருவதாக எழுதியிருந்தாய். அம்புட்டு நாள் போடாதே அம்மா. வந்து, அப்பன் சொன்னதாகச் சொல்லாமல், "ஏந்தல மேல வச்ச சத்தியத்த நானே எறக்கிட்டேன்" என்று உன் ஆத்தாளிடம் சொல். ஊராரைக் கேட்கிற அதே குரலில் என்னையும் ஒருதரம் கேட்கட்டும். இந்தத் தடவை நெஞ்சிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் தலைக்கு ஒரு குறையும் வராமல் குலசாமி காக்கட்டும். சீக்கிரம் வா.

உன் அப்பன்
காசிமாயன் (கைநாட்டு)