ஒரே வாங்கில்

சாய்ந்தமருது
14.04.1986

டொக்டர் ஸலாஹுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு வருடம் பேசாமல் இருந்தது போதும்.

நேற்று என் பழைய மாணவி ஹாஜறா வந்தாள். தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். மருத்துவ மாணவரையும் தாதி மாணவியரையும் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக இருத்தி நீரிழிவுப் பாடம் நடத்துகிறாயாம். "நோன்பு காலத்தில வார்டில மௌத்தான ஒரு பொம்பளட கதையச் சொன்னார் சேர். எல்லாரும் விறைச்சுப் போய்ட்டம்" என்றாள். நானும் விறைத்துப்போனேன். அந்தப் பொம்பளை என் ஹவ்வா என்று அவளுக்குத் தெரியாது.

என் மனைவியைக் கொன்றாய். இப்போது அவளைப் பாடமாகவும் வைத்திருக்கிறாய்.

ஒரே வகுப்பில் படித்தோம். நீ டொக்டரானாய், நான் கரும்பலகை முன்னால் வெண்கட்டி பிடித்தேன். பொறாமை இருந்தது, மறைக்கவில்லை. அது வேறு. நீ எழுதிய இன்சுலின் ஊசிதான் அவளை முடித்தது. அன்று அதே வார்டில் தாதி மாணவியாக நின்ற என் தங்கை சுபைறா, கல்யாணமும் வேண்டாமென்று என் மூன்று பிள்ளைகளையும் வளர்க்கிறாள். உன் பிழையை அவள் சுமக்கிறாள்.

கச்சிமுகம்மது

22.04.1986

அன்புள்ள கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கையெழுத்தைக் கண்டு எவ்வளவு காலம்.

பாடத்தில் பெயரோ ஊரோ சொல்லவில்லை. பிழை என்னுடையது என்றுதான் சொன்னேன். நோன்பு பிடிக்க வேண்டாமென்று ஹவ்வாவிடம் சொல்லியிருந்தேன். பிடிக்கிறாரா என்று பிறகு கேட்கவில்லை. ஊசி போட்ட பின் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி வேர்த்துக் கொட்டும், நினைவு போய்விடும். காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பாண் துண்டை அவர் முக்காட்டுக்குள் மறைத்ததை ஒரு தாதி மாணவி கண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லப் பயந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். ஊசி எனக்குத் தெரியும், பாண் அவளுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவர் அந்த வார்டில் இல்லை. அதற்காகத்தான் ஒரே வாங்கு.

அந்தப் பிள்ளை யாரென்று மட்டும் கேளாதே.

ஸலாஹுதீன்

04.05.1986

டொக்டருக்கு,

கேளாதே என்றாய். அதனால்தான் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓம் காக்கா, நான்தான் கண்டேன். 'சொல்லிராத புள்ள' எண்டு மதினி என்ட கையப் புடிச்சா."

"டொக்டருக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"டொக்டர் வந்தா எங்களுக்கு வாய் இல்ல. கேட்டா மட்டும்தான் சொல்லணும். அவர் கேட்கல்ல." உரித்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "பகல் நீங்களும் வந்தீங்க. மதினி வேர்த்து வழிஞ்சு கிடந்தா. 'தூங்கட்டும்' எண்டு போனீங்க. சாப்பிட்டாவா எண்டு நீங்களும் கேட்கல்ல காக்கா."

மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். ஏழு வருடமாக எனக்குச் சோறு போடுகிறவள்.

இன்னும் ஒரு வாரத்தில் நோன்பு. அதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் வகுப்பில் வாசி. டொக்டராகப் போகிறவர்கள் கேட்கப் பழகட்டும். கேட்காவிட்டாலும் சொல்லலாம் என்று தாதிப் பிள்ளைகள் அறியட்டும்.

என் பெயர் தெரிந்தால், அந்தத் தாதி யாரென்று இந்த ஊருக்குத் தெரிய அரை நிமிடம் போதும். என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நீ காத்த பெயர் அவளுடையது. என் எழுத்து உனக்குத் தெரியும். கையெழுத்து வைக்காமலே தபாலில் போடுகிறேன்.