நீ அனுப்பிய உட்காரும் தடி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு மூட்டு வலியைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் இப்போது கஷ்டமே.

நீ அனுப்பிய உட்காரும் தடி நன்றாக உழைக்கிறது. விரித்தால் மூன்று கால், மேலே ஒரு தட்டு, மடக்கினால் கைத்தடி. ஈர மண்ணில் மட்டும் கால் புதைகிறது, கல் பார்த்து ஊன்றவேண்டும். லைன்மேன் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அப்பா தினமும் காலையில் கரண்ட் லைன் பார்க்கக் கிளம்பிவிடுகிறார், மலையில் டவர் டவராக, அண்ணாந்து பார்த்துக்கொண்டே. தடுத்தால் கதவில் கையை அடித்துக்கொள்கிறார். மறதிக்கு இனி மருந்து இல்லை, நடக்கவாவது விடுங்கள் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். அதனால் நானும் பின்னாலேயே போவேன். டவருக்கு ஒரு தடவை தடியை விரித்து உட்காருவேன், அவரும் நின்று, என்னடி, அதுக்குள்ள பேட்டரி தீர்ந்துபோச்சா என்று கேலி பண்ணுவார். அந்தக் கேலிக்காகவே வலிக்காதபோதும் உட்கார்ந்திருக்கிறேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

போன செவ்வாய்க்கிழமை பதினோராவது டவரில் உட்கார்ந்தேன். அப்பா திரும்பி வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். ஏம்மா, தனியாவா வந்தீங்க, உங்க வீட்டுக்காரர் வரலையா என்று கேட்டார். நாற்பத்தொரு வருஷத்தில் என்னை நீங்க என்று அவர் சொன்னதே இல்லை. வந்திருக்கார், இங்கதான் இருக்கார் என்றேன். இப்படி விட்டுட்டுப் போயிட்டாரே, என்ன மனுசன், இருங்க, யாரையாவது கூட்டிட்டு வர்றேன் என்று தன் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். மூட்டு வலியில் என்னால் எழுந்து பின்னால் ஓட முடியவில்லை. சாயங்காலம் லைன் ஆட்கள்தான், கடைசி டவரில் பாதி ஏறியிருந்தவரை இறக்கிக் கூட்டிவந்தார்கள். உதவி கேட்கத்தான் வந்தேன், யாருக்குன்னு மறந்துபோச்சு என்றாராம்.

திங்கட்கிழமை வெல்டர் வந்து வாசல் கேட்டுக்குப் பூட்டு வைக்கிறார். நான்தான் வரச் சொன்னேன். நீ திட்டினாலும் பரவாயில்லை. லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தாய், வா, ஆனால் தேறிவிடுவார் என்ற நினைப்போடு வராதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மறக்காதே, போன் பண்ணும்போது எடுத்த எடுப்பிலேயே நீ யார் என்று சொல்லிவிடு. யாரென்று கண்டுபிடியுங்கள் என்று விளையாடாதே. போனை வைத்தபிறகும் அப்பா யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா சார்பிலும் ஆசீர்வாதம் சொல்லும்,
உன் அம்மா