தெரிந்துதான் கை வைத்தீர்களா, அப்பா?

என் அருமை அப்பா,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மும்பையிலிருந்து உங்கள் தங்கை வந்திருந்தார். உங்கள் மருமகள் செல்வி, ஓய்வுநாளான சபாத்துக்கு ஏற்றும் மெழுகுவத்திகளை மேசையில் வைப்பதைப் பார்த்துவிட்டு அத்தை மெதுவாகத்தான் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதடா. நம்ம சட்டப்படி அம்மா யூதரா இருந்தாத்தான் பிள்ளையும் யூதர். உங்கம்மா விவேக் நகர் கிறிஸ்தவப் பொண்ணு. உன் பொண்டாட்டி இந்து. இந்தப் பிள்ளைய எதுக்குக் குழப்புற?"

லேயா கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதற்காக விளையாட்டைப் பாதியில் விட்டு ஓடிவருவாளே, உங்கள் பேத்தி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. என் பதின்மூன்று வயதில் ஒருவர் என்னிடமும் இதையே சொன்னார். அன்றுதான் எபிரேயப் புத்தகத்தை மூடினேன். சோம்பேறித்தனம் என்று திட்டினீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏன் கேட்கவில்லை நீங்கள்?

லேயாவின் கதவுக்கு வெளியே நின்றேன். "சொல்லத் தெரியாம நிக்கிறீங்களா, சொல்லப் பிடிக்காம நிக்கிறீங்களா?" என்றாள் செல்வி. உள்ளே போனேன்.

"அத்தைப்பாட்டி சொன்னது உண்மையாப்பா?"

"சட்டம் அதுதாம்மா."

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுமா வாராவாரம் கை வெச்சாரு?"

"ஒரு வாரம்கூட விட்டதில்ல."

எழுந்து வந்து என் முன்னால் தலைகுனிந்து நின்றாள். நீங்கள் சொல்லும் எபிரேய ஆசியில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை, அப்பா. தமிழிலேயே சொன்னேன்: "சாராளைப் போல, ரெபெக்காளைப் போல, ராகேலைப் போல, லேயாளைப் போல ஆண்டவர் உன்னை ஆக்குவாராக." வாசலில் நின்ற அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஆமென் சொல்லவில்லை.

"இது செல்லுமாப்பா?" என்றாள் லேயா.

"தெரியலம்மா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். சட்டத்தையும் மறைக்க மாட்டேன், உங்களையும் மறைக்க மாட்டேன். வளர்ந்தபின் எந்த வழியை அவள் எடுத்தாலும் அது அவள் இஷ்டம். அதுவரை, முன்போல வெள்ளிக்கிழமைகளில் வேலை என்று சொல்லித் தப்பிக்காமல், நானே அவள் தலையில் கை வைப்பேன்.

உங்கள் மகன், லேயாவின் அப்பா,
தாவீது