மெழுகுவர்த்திக்கு விழுந்த ஓட்டு

ஏப்ரல் 30, 2006, ஞாயிறு

வாக்காளர் பட்டியல் வேலை இன்றோடு முடிந்தது. எங்கள் ஊர் பூத்தில் 640 பேர். நம்ம கட்சிக்காரர் பெயருக்கு நேரே ‘ந’, அவர்கள் ஆளுக்கு ‘அ’, பிடி கொடுக்காதவர்களுக்குக் கேள்விக்குறி. என் வீட்டு எண் வந்தபோது பேனா நிற்கவே இல்லை. நாகையா, ந. சம்சாரம் வேலுத்தாய், ந.

பதினெட்டு வருஷமாகக் கிளைச் செயலாளர். என் கணிப்பு பத்து ஓட்டுக்கு மேல் தவறியதில்லை. திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 3

ராமுத்தாய் என்று ஒரு சுயேச்சை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம். பட்டாசு விபத்தில் கை வெந்தவளாம். மைக் இல்லை, வேன் இல்லை. பஸ்ஸில் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சின்னம் மெழுகுவர்த்தி! வெடி ஊருக்கு மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எவன் ஓட்டுப் போடுவான்? நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

வீட்டிலும் சொன்னேன். வேலுத்தாய் சிரிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கிய அலுப்பாக இருக்கும். கையெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்கியது.

மே 8

ஓட்டுப் பதிவு. கம்பெனிகளுக்கு லீவு. வேலுத்தாய் கருநீலச் சேலை கட்டி வந்தாள். பூத்திலிருந்து வெளியே வந்து மை வைத்த விரலை எனக்குக் காட்டினாள். அழகாக இருந்தாள். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத?

மே 11

ஜெயித்தாயிற்று! எண்ணுகிற மேஜையில் நானும் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பூத் மிஷினில் நமக்கு 391. நான் சொன்னது 388.

மெழுகுவர்த்திக்கு ஒன்று. ஒரே ஒன்று. யாருலே அது?

மே 14

கட்சி இளவட்டம் அய்யாதுரை முடிவே கட்டிவிட்டான். “டீக்கடை ராக்கப்பன்தாண்ணே. அந்தம்மா நோட்டீச கடைச் சொவத்துல ஒட்டவிட்டவரு அவருதான்.” இனி நம்ம ஆட்கள் யாரும் அந்தக் கடைப் பக்கம் போகக்கூடாதாம். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மே 16

ராக்கப்பன் கடையில் ரெண்டு நாளாக ஈ ஓட்டுகிறார்.

சோறு போட்டுக்கொண்டே வேலுத்தாய் சொன்னாள்: “அவுகளை விட்டுருங்க. போட்டது நான்.”

பட்டன் மாறிருச்சா என்று கேட்டேன். ஆமான்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா, தாயே—

“மாறல. தெரிஞ்சுதான் அமுக்கினேன்.”

ராமுத்தாய் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறாள். கஞ்சி குடித்திருக்கிறாள். அவள் நோட்டீசில் இருந்தது ஒரே கோரிக்கை: பட்டாசு ஊர்களுக்கு ஒரு ஆம்புலன்ஸ்.

முனியராஜ். வேலுத்தாயின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் வெடி விபத்தில் வெந்த உடம்போடு அவனை லோடு வேனில் மதுரைக்குக் கொண்டுபோனோம். திருமங்கலம் தாண்டும்போது போய்ட்டான். ‘கட்சியில சொல்லி ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்காம விடமாட்டேன்’ என்று அவன் தலைமாட்டில் நின்று சொன்னவன் நான்தான்.

“நாலு வருசமா சொல்லிக்கிட்டே இருக்கீக. அவ சொவத்துல தம்பி படத்தப் பாத்துட்டு, ‘இது யாரு, தாயி’ன்னு கேட்டா. எம்புட்டு நேரம் உக்காந்து கேட்டா தெரியுமா? ஊரெல்லாம் ஓட்டுக் கேக்குற நீங்க எங்கிட்ட ஒரு நா கேட்டிருக்கீகளா?”

கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இத்தனை வருஷமா நான் என்னத்தக் கணிச்சுக் கிழிச்சேன்?

மே 17

காலையில் நேரே ராக்கப்பன் கடைக்குப் போனேன். ரோட்டில் நின்று அய்யாதுரை முறைத்தான். “ஏலே, அந்த ஓட்டு என் வீட்டு ஓட்டு. இங்கன வந்து டீயக் குடி” என்றேன், நாலு பேர் கேட்கும்படி. பிளந்த வாயை அவன் மூடவே இல்லை. ராக்கப்பன் எனக்குச் சீனியை ரெண்டு தடவை போட்டுவிட்டார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜூன் 26

கலெக்டர் ஆபீசில் ஆம்புலன்சுக்கு மனு கொடுத்தேன். கட்சி லெட்டர்பேடில் எழுதித் தர முடியாது என்றுவிட்டார்கள். வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். வேலுத்தாயிடம் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித்தானே கெட்டது.

செப்டம்பர் 4

இரண்டாவது மனு. பதில் இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

உள்ளாட்சித் தேர்தல். வார்டு மெம்பருக்கு நானே நிற்கிறேன். தீபாவளி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சாயந்திரம் வேன் வந்த பிறகுதான் வீடுகளில் ஆளைப் பார்க்க முடிகிறது.

பட்டியலை எட்டிப் பார்த்து வேலுத்தாய் கேட்டாள்: “எல்லாருக்கும் குறி போட்டிருக்கீக. எம் பேருக்கு நேரே ஒண்ணையும் காணமே?”

“உங்கிட்ட நான் இன்னும் ஓட்டுக் கேக்கலையே.”

“அப்பக் கேளுங்க.”

எழுந்து வெளியே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கும்பிட்டேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை.

“நாகையா வந்திருக்கேம்மா. ஆம்புலன்சுக்கு ரெண்டு தடவ மனு குடுத்திருக்கேன். பதில் வரல. ஜெயிச்சாலும் தோத்தாலும் விடமாட்டேன். உங்க ஓட்ட...”

அவள் கண்ணைத் துடைத்ததில் கைப்பவுடர் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். “உள்ள வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன். அவள் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.