ஓட்டக்காரியும் பனிமலைக்காரரும்

நேற்று பக்கத்து வீட்டு டிவியில் வெள்ளை வெளேரென்று ஒரு மலையைக் காட்டினார்கள். கால்களில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் பனியில் சறுக்கி இறங்கினார்கள். கீழே பரிசு கொடுக்க நின்றவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். தலை நரைத்திருந்தது, ஆனால் அவரேதான், நுவரெலியா ஹோட்டலில் நாம் பார்த்த பிரெஞ்சுக்காரர். பந்தயத்தை விட்டு இத்தனை காலமாகியும் கூட்டம் அவர் பெயரைத்தான் கத்தியது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீதான் இல்லை.

நீயும் நானும் அந்த ஹோட்டலின் சலவை அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த காலம் அது. பனிச்சறுக்கில் உலகத்தையே ஜெயித்தவர் வந்திருக்கிறார் என்று மேனேஜர் சொன்னார். நமக்கு அவரைத் தெரியாது. அவர் நாட்டிலிருந்து வந்த மற்ற விருந்தாளிகளோ அவரைச் சாப்பிடவே விடவில்லை. படம் எடுத்தார்கள், எப்போதோ ஜெயித்த ஒரு பந்தயத்தையே பேசினார்கள். ஒருநாள் அவர் பின்பக்கம் வந்து, துணி காயும் கொடிகளுக்கு அருகே படியில் உட்கார்ந்துவிட்டார். நீ ஒன்றும் கேட்காமல் பால் கலக்காத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாய்.

அவர் முகம் உனக்குப் புரிந்திருக்கும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உனக்கும் ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூட வயதில், தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் பெரிய பெண்களையெல்லாம் முந்தியதிலிருந்து நீ ஓட்டக்காரி. பிறகு ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து உன் கால் ஊனமானது. பெயர் மட்டும் போகவில்லை. யாராவது அன்பாகக் கூப்பிட்டால்கூட, காலை இழுத்துக்கொண்டு லயத்து வீட்டுக்குள் போய்விடுவாய். ஹோட்டல் வேலைக்கு வந்த பிறகு ஊருக்குப் போவதையே விட்டுவிட்டாய்.

அவரோடு வந்த வழிகாட்டி கண்டி முஸ்லிம், தமிழும் பேசுவார். அவரிடம்தான் நீ கேட்டாய்.

“பாய், எப்பவோ ஜெயிச்சதையே சொல்லிக்கிட்டு வாறவங்க மேல இவருக்குக் கோவம் வராதா?”

பாய் அதைச் சொன்னதும் பிரெஞ்சுக்காரர் கோப்பையை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். முன்பெல்லாம் கோபம் வந்ததாம். பிறகு கவனித்தாராம். பந்தயத்தைப் பேசத் தொடங்குகிறவர்கள், அன்று யார் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம், பக்கத்தில் அப்பா இருந்தார் என்றுதான் முடிப்பார்களாம்.

“அவங்க அவங்களோட நாளத்தான் தேடி வாறாங்களாம்,” என்றார் பாய். “இவரு கேட்டுக்கிட்டு இருந்தாப் போதுமாம்.”

அந்த வருட மாதா திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாய்.

கோயில் வாசலில் வயதான அம்மா ஒருவர், “ஓட்டக்காரி வந்திருக்கா,” என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய்.

“அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்கம்மா?”

ஓட்டம் முடியும் கோட்டுக்குப் பக்கத்தில், மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாராம். உன் பெயரைச் சொல்லி அவன் கத்தினானாம். வளர்ந்து கல்யாணம் முடித்த கையோடு அவன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு அவர் மகனைப் பற்றி மட்டுமே பேசினார். பூசைக்கு மணி அடித்தும் நீ அவர் கையை விடவில்லை.

உன் அடக்கத்தன்று தோட்டமே அந்த ஓட்டத்தைத்தான் பேசியது. நான் அதைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது நீ நடந்ததுதான். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போது என் தோளில் கை வைத்துக்கொள்வாய். வழியெல்லாம் எதற்காவது சிரித்துக்கொண்டு மெதுவாகப் போவோம். அந்த நடை என் காலிலேயே தங்கிவிட்டது.

“வெரசா வாங்கம்மா, பஸ் போயிரும்,” என்கிறாள் முன்னால் நடக்கும் என் மகள்.

போனால் போகட்டும் என்று அதே நடையில்தான் போகிறேன்.