பல்பைப் பார்த்துச் சொன்ன பதில்

"மாப்ள, மேல கரண்டு இல்லேல்ல?"

கிணற்றுக்குள்ளிருந்து நீ என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. நேற்றுக் காலை அதே கிணற்றுக்குள்ளிருந்து அதே கேள்வி மறுபடியும் என் காதில் விழுந்தது. குரல்தான் வேறு. "அண்ணே, கரண்டு இல்லேல்ல?" என்று உன் மனைவி முத்துலட்சுமி கேட்டாள். என் கையிலிருந்த பேப்பர் நழுவி மடியில் விழுந்தது. ஈரக் கயிற்றின் வாடையும் பாசி வாடையும் கலந்து மேலே வந்தன. அந்த வாடை அன்றைக்கும் இருந்தது.

நீ போய் ஒரு மிளகாய் வெள்ளாமை முடிந்துவிட்டது. அடுத்ததும் பழுக்கத் தொடங்கிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வரும் சாலையை ஒட்டி இருக்கும் உன் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. கொஞ்சம் உவர்ப்பு, அவ்வளவுதான். அடியில் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரின் வாயை மாதத்துக்கு ஒருமுறை பாசி அடைத்துக்கொள்ளும். நீ படியிறங்கிப் போய், மோட்டாரைக் கயிற்றால் மேலே இழுத்து, சல்லடையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் இறக்குவாய். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு அந்த நேரங்களில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது வழக்கமாகிப் போனது. பாதியிலேயே நிறுத்தச் சொல்வாய். "ஏலே வாத்தி, நல்ல சேதியா ஒண்ணு வாசிலே. கெட்டதெல்லாம் எனக்கே தெரியும்" என்பாய்.

நம் பக்கத்தில் மும்முனைக் கரண்டு முறைவைத்துத்தான் வருகிறது. வரும் நேரம் நம் கையில் இல்லை என்பதால் எல்லா மோட்டார் ரூமிலும் ஆட்டோ என்கிற பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். கரண்டு வந்த சில நொடியில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும், யாரும் நடந்துபோய்ப் பொத்தானை அமுக்க வேண்டாம். உனக்கு அந்தப் பெட்டி மேல் பெரிய மதிப்பு. "வீட்டுல ஒருத்தரும் இப்பிடிச் சொல்லாம வேலை பாக்க மாட்டாகடா" என்று முத்துலட்சுமிக்குக் கேட்கும்படி சொல்வாய். அவளும் விடமாட்டாள். "அப்ப மத்தியானச் சோத்தையும் அந்தப் பெட்டிகிட்டயே கேளுங்க" என்பாள்.

ஆனால் இங்கே எல்லோரும் செய்கிற ஒன்றை நீயும் செய்தாய். மோட்டாரில் கை வைக்க வேண்டுமென்றால் சுவிட்சை இறக்க மாட்டாய், கரண்டு போகும்வரை காத்திருப்பாய். "சும்மா சும்மா சுவிட்சத் தொட்டா அது போயிரும் மாப்ள. எப்பிடியும் கரண்ட நிறுத்தத்தான போறான். அப்ப எறங்குனா வேலை முடிஞ்சுச்சு" என்றாய். கரண்டு போய்விட்டதா என்று காட்ட மோட்டார் ரூம் வாசலில் ஒரு பல்பு தொங்கும். பல்பு அணைந்தால் இறங்கலாம். ஊர் முழுக்க இதுதான் கணக்கு.

மோட்டார் மெக்கானிக் தர்மர் ஒருமுறை உன் சுவிட்ச் போர்டில் புதிதாக ஒரு ட்ரிப் பெட்டி மாட்டிவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? ஒயரில் எங்கே கரண்டு கசிந்தாலும் அது உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். மாட்டிய வாரத்திலேயே பலமுறை விழுந்தது. "இது என்னடா சீக்காளி மாதிரி நிமிசத்துக்கு ஒருதரம் விழுது" என்று திட்டிக்கொண்டே நீ அதைத் தள்ளிவிட்டு ஒயரை நேராக இணைத்தாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முப்பது வருடம் அறிவியல் நடத்தியவன் நான். காய்ச்சல் காட்டுகிற தெர்மாமீட்டரை உடைத்துப்போட்டால் காய்ச்சல் போய்விடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதை உன்னிடம் சொல்லவில்லை. சிரித்தேன்.

இன்னொரு நாள், தொட்டியில் கால் கழுவும்போது சுருசுருவென்கிறது என்றாய். நான் நெற்றியைச் சுருக்கியதும், "மருந்துத் தண்ணிடா. மூட்டுவலிக்கு நல்லது. ஆர்.எஸ்.மங்கலத்துல இதுக்குப் போயி காசு குடுத்து வைத்தியம் பாக்குறான்" என்றாய். அதற்கும் சிரித்தேன். தண்ணீருக்குள் கேபிளை ஒட்டுப்போட்ட இடத்தில் வெறும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது என்று பின்னால் தர்மர் எடுத்துக் காட்டினார். உவர்த்தண்ணீர் அந்த டேப்பை அரித்து உள்ளே போயிருந்தது, கரண்டு அந்த வழியே தண்ணீரில் கசிந்திருக்கிறது. அந்தச் சுருசுருப்பு உனக்கும் எனக்கும் முன்கூட்டியே வந்த தகவல்.

அன்று காலை பத்து மணி இருக்கும். பல்பு அணைந்திருந்தது. நீ தலைத்துண்டை மேல்படியில் போட்டுவிட்டு இறங்கினாய். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கேட்டாய். "மாப்ள, மேல கரண்டு இல்லேல்ல?"

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பல்பைப் பார்த்தேன். "இல்லடா. நீ பாட்டுக்குப் பாரு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் கரண்டு இல்லை. ஆனால் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. "சுவிட்ச எறக்குனியா?" இரண்டே சொற்கள். பரீட்சைத் தாளில் கேள்வியே தப்பாக இருந்தால் பையன்களைப் பதில் எழுத வேண்டாம் என்று நிறுத்துகிற வாத்தியார், உன் கேள்விக்கு மட்டும் தலையாட்டிப் பதில் சொன்னேன்.

நான் ஒரு பத்தி வாசித்து முடிக்கவில்லை. பல்பு எரிந்தது. உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே எழுந்தேன். மோட்டார் ரூமுக்குள் 'டக்'கென்று சத்தம் கேட்டது. நீ பெருமைப்பட்ட ஆட்டோப் பெட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. பத்தடி தூரம்தான். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். திரும்பி வந்து எட்டிப் பார்த்தபோது உன் கையில் கயிறு இல்லை. உன் துண்டு படியில் அப்படியே கிடந்தது.

ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், தெரியுமா? "வாத்தியார் சுதாரிச்சுக் கரண்ட நிறுத்துனாரு. இல்லாட்டி காப்பாத்தப் போன இன்னும் ரெண்டு பேரு போயிருப்பாக" என்றார்கள். முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ கேட்டதும் நான் சொன்னதும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தர்மர் பிறகு எல்லாவற்றையும் மாற்றினார். ஒட்டில்லாத ஒரே கேபிள், புது எர்த் கம்பி, ட்ரிப் பெட்டி. ஆட்டோவைக் கழற்றிவிட்டார். போகும்போது பல்பைக் காட்டி, "சார், இது மூணு பேஸ்ல ஒரு பேஸ்லதான் எரியுது. அந்த ஒரு பேஸு போயி மத்த ரெண்டுலயும் கரண்டு இருந்தாலும் இது அணைஞ்சுதான் கெடக்கும்" என்றார். ஒரு பையன் கையைத் தூக்கவில்லை என்பதற்காக வகுப்பறையே காலி என்று முடிவு செய்வது போல் அந்தப் பல்பை நம்பியிருக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் பல்பு அங்கேயேதான் தொங்குகிறது. நேற்று நான் பேப்பரில் மூழ்கியிருந்தபோது அதைப் பார்த்துத்தான் முத்துலட்சுமி இறங்கியிருக்கிறாள்.

"அண்ணே, காதுல விழலையா? கரண்டு இல்லேல்ல?"

"மேல வா தாயி. எதையும் தொடாத. மொதல்ல மேல வா" என்றேன். அவள் ஈரக்காலோடு ஏறி வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதை, நான் பல்பைப் பார்த்ததை, "நீ பாட்டுக்குப் பாரு" என்றதை. அவள் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயுந்தான் கேப்பாக" என்றாள். "எத்தன வருசமா. நானும் பல்பத்தான் பாத்து இல்லைன்னு சொல்லுவேன். அன்னைக்கு நான் நின்னிருந்தா நானுந்தான் சொல்லியிருப்பேன்."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவள் மேலும் சொன்னாள். "ஆனா நான் படிக்காதவ, அண்ணே. நீங்க புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவுக."



அவள் மோட்டார் ரூமுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னேன், இறக்கினாள். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், உள்ளங்கையில் அடங்குகிறவை. பிடுங்கி என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க, நீங்க வச்சிருங்க."

"எங்கிட்டக் குடுக்காத" என்றேன். "எறங்குறவ கையிலதான் இது இருக்கணும். என்னைய நம்பி ஒருத்தன் எறங்குனது போதும்."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கட்டைகளை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அந்த மூன்றும் ஒன்றோடொன்று உரசி 'டொக் டொக்' என்றன. அவள் சல்லடையைத் தேய்த்துவிட்டு மேலே ஏறி வரும்வரை அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் மறுபடியும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது. அந்த வசதியை உனக்கு நான் செய்து கொடுத்திருக்கலாம்.

மாப்ள, நீ சிரித்துக்கொண்டே என்னைத் திட்டிய எத்தனையோ பேச்சு என்னிடம் இருக்கிறது. அவற்றையெல்லாம் நினைக்க உட்கார்ந்தால், முன்னால் வந்து நிற்பது நான் சொன்ன அந்த "இல்லடா" மட்டும்தான். அதை இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது. முத்துலட்சுமியிடம் சொன்ன பிறகு பாரம் குறையும் என்று எண்ணியிருந்தேன். குறையவில்லை. ஆனால் இனி அது என்னோடு மட்டும் கிடந்து வீணாகாது.

நீ இதைப் படிக்கப் போவதில்லை. கிணறும் மோட்டாரும் வைத்திருக்கிற வேறு யாராவது படிக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை மோட்டாரில் கை வைக்கும் முன், கரண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.